சித்திரைப் பூரணையிற் காண வருவார் பெறும் பயன்

சிவமயம்

சைவப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டும் ஆசிரியர்காள்,

வல்வெட்டித்துறையில் எழுந்தருளியிருக்கும் முத்துமாரியம்பாளுக்கு ஆண்டுத் திருவிழா சித்திரை மாதத்திலே நிகழ்ந்து, பூரணையன்று தீர்த்தத்தோடு நிறைவெய்தும். அன்றிரவு ஊரவர் இந்திரவிழாக் கொண்டாடுவர். தெருக்களிலே பந்தரும் தோரணமும் மின்விளக்குக்களும் பொலியும். புகைக்குண்டுகள் வானில் எழும். மேடைகளில் இசை முழங்கும். 1983ஆம் ஆண்டின் பின் பிறதேசங்களிற் குடியேறிய குடும்பங்கள் பல, 2009ஆம் ஆண்டிலே போர் முடிந்தபின், தம் பிள்ளைகளோடு இவ்விழாவுக்கு வரலாயின. இலண்டனிலிருந்தும் தொரந்தோவிலிருந்தும் வருவோர், இத்துணைப் பொருளும் நாளுஞ் செலவிட்டுப் பிள்ளைகளை அழைத்து வருதலாற் பயன் உண்டோ என நம்மை வினாவுகின்றனர்.

இவ்வினாவை முகஞ்சுளித்துத் தள்ளுதல் தகாது. பயன் அறியாது ஒன்றைச் செய்க என்று எவரையும் வற்புறுத்துதல் கல்வியாகாது. இதற்கு உண்டு என்னும் விடையும் இல்லை என்னும் விடையும் பொருந்தும். எவர்க்கு உண்டு, எவர்க்கு இல்லை என்பதை ஆராய்வாம்.

முதலாவது, சைவருட் சிலரே ஒரு தடை எழுப்புவர். இந்திரன் பசுவாகிய ஓர் ஆன்மா. வினைக்கு ஈடாகப் பதவி பெற்று, அது கழிந்தபின் இழிபவன். அவன் பெயரால் எடுக்கும் விழாச் சைவர்க்கு என்னை என்பர். அற்றன்று. விருத்திராசுரனைக் கொன்ற பழியாற் பற்றப்பட்ட இந்திரன், பூவுலகில் வந்து அலைந்து, கடம்பவனத்திலே சிவலிங்கப் பெருமானைக் கண்டு பூசித்து அப்பழி நீங்கினான் என்று பரஞ்சோதிமுனிவர் திருவிளையாடற் புராணத்திற் கூறினார். நாடோறும் பூசிக்க விரும்பிய அவனுக்குப் பெருமான், சித்திரைமாதத்துச் சித்திரையோடு கூடிய பூரணையிலே பூசித்தால் ஆண்டு முழுதும் பூசித்த பயன் எய்தும் என்று அருளினார். ஆகவே இந்நாள் சைவர்க்கு இந்திரனை வணங்கும் நாளன்று; இந்திரன் வணங்கிய நாள். தேவர்க்கரசனும் தன் பழி தீர நிலத்தில் இறங்கி வந்து தலைதாழ்த்தினான் எனின், செல்வமும் பதவியும் உடையோர் கற்கவேண்டிய பாடம் இதனின் மிக்கது யாது?

இரண்டாவது, இவ்விழாவின் பெயர் தமிழ் நூல்களிற் பழமையானது. தொடித்தோட்செம்பியன் என்னுஞ் சோழன், அகத்திய முனிவர் பணித்தபடி, புகார்நகரிலே இந்திரவிழாவை 28 நாள் விழாவாகத் தொடங்கினான் என மணிமேகலை கூறும். அந்நூலின் முதற் காதையே விழாவை முரசறைந்து அறிவிக்குங் காதை. அவ்வறிவிப்பைக் கேண்மின். தெருக்களை அணிசெய்க எனச் சொல்லி அது நின்றுவிடவில்லை. நெற்றிக்கண்ணையுடைய பெருமானை முதலாக வைத்து எல்லாத் தெய்வங்கட்கும் வழிபாடு இயற்றுக, அறம் உரைப்பார் உரைக்க, சமயவாதிகள் பட்டிமண்டபத்து ஏறி முறையோடு வாதிடுக, பகைவரோடாயினும் சினமும் பூசலும் கொள்ளாது விலகுக எனவும் அது பணிக்கின்றது. சாத்தனார் பௌத்தராயினும், விழா இன்னது என்பதை இதனினுந் தெளிவாக உரைத்தல் அரிது. வழிபாடு, அறிவு, பொறை என்னும் மூன்றும் கூடியதே விழா. அணி அம்மூன்றுக்கும் வாயில்.

அணியை மாத்திரம் கண்டு மீண்டவர்க்கு நேர்வது யாது என்பதைச் சிலப்பதிகாரம் காட்டும். இந்திரவிழாவின் இறுதியிலே கடலாடச் சென்ற கோவலனும் மாதவியும், கானலிற் பாடிய பாட்டினால் ஒருவரையொருவர் ஐயுற்றுப் பிரிந்தனர். இருவரும் விழாவைக் கண்டனர். அது அவர் மனத்தைத் திருத்திற்றில்லை. கண் நிறைந்தது, நெஞ்சு வறிதே இருந்தது.

ஒன்று கூறுவாம். பெயரொப்புமை ஒன்றே கொண்டு, புகார்விழாவே இடையறாது இவ்வூரில் நிகழ்கின்றது என்று பிள்ளைகளுக்குச் சாதித்தல் வேண்டா. விழாவை மறந்தமையாற் புகாரைக் கடல் கொண்டது என்னுங் கதையைச் சொல்லி அவரை அச்சுறுத்துதலும் வேண்டா. உண்மையே போதுமான பெருமையுடையது.

மூன்றாவது, யாம் தலைமையாகக் கொள்வது, இந்நாள் தாயை இழந்தோர்க்குரிய விரதநாள் என்பது. ஆடியமாவாசையிலே தந்தையையும் சித்திராபூரணையிலே தாயையும் நினைந்து, நீராடித் தர்ப்பணஞ் செய்து, சிவாலய தரிசனஞ் செய்து, இயன்றது ஈந்து உண்ணுதல் யாழ்ப்பாணத்தாரின் நெடுநாளைய ஒழுக்கம். கோயில்களிலே சித்திரபுத்திரனார் கதை படிக்கப்படும். சித்திரைக் கஞ்சி வார்க்கப்படும். வந்த குடும்பங்களுட் பலவற்றை நோக்குமின். போர்க்காலத்திலே தாய் ஈண்டு இறக்க, மகன் கடல்கடந்த நாட்டிலே வழியடைபட்டு, கொள்ளி வைக்கவும் வரமாட்டாது இருந்தான். பிள்ளைகளோ தம் பாட்டியைப் படத்தில் மாத்திரம் அறிவர். அவ்வன்னையின் ஊரிலே, அம்பாள் தீர்த்தமாடும் அந்நாளிலே, மகன் நீராடி எள்ளுந் தண்ணீரும் இறைத்தலைப் பேரப்பிள்ளை அருகில் நின்று காணுமாயின், அது பெறும் பயனை எந்நாணயத்தால் அளத்தல் கூடும்? தான் ஒரு தொடரின் கண்ணி என்பதை அப்பிள்ளை அன்றே அறியும்.

சென்றார் மீளுதல் இவ்வூர்க்குப் புதிதன்று. இது கடலோடிகளின் ஊர். ஈண்டுக் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், 1938ஆம் ஆண்டிலே இவ்வூர் மாலுமிகளோடு சென்று அமெரிக்காவிலுள்ள குளொஸ்டர்த் துறையை அடைந்தது. அம்பாளின் பெயரைச் சூடிய மரக்கலத்திலே மாகடலைத் தாண்டியவரின் வழித்தோன்றல்கள், அம்பாள் சந்நிதிக்கு மீளும்போது விருந்தினராக மாத்திரம் நிற்றல் ஆகாது.

இனி, பயன் இல்லை என்பது எவர்க்கு? பகல் முழுதும் உறங்கி, இரவிலே மாத்திரம் வந்து, விளக்கையும் மேடையையும் கைப்பேசியிற் படம்பிடித்து மீள்வார்க்கு. அவர் வாழும் நகரங்களிலே இவற்றினும் மிக்க விளக்குக்கள் உள. அதற்காகப் பெருங்கடன்பட்டு வருதல் வேண்டா. ஊரறியப் பொருளை இறைத்துப் பெயர் நாட்ட வருவார்க்கும் பயன் இல்லை. அவர் செலவு சித்திரபுத்திரனார் கணக்கிலே எப்பக்கத்தில் எழுதப்படும் என்பதை அவரே சிந்திப்பாராக.

திருவிழாக்களை இக்காலத்து இருந்தவிடத்திருந்தே திரையிற் காணலாமே, வருவது எற்றுக்கு எனின், காண்டல் மாத்திரமே பயனாயின் அவ்வினா நியாயமே. திரையிலே தீர்த்தம் காணலாம், ஆடல் கூடாது. கஞ்சி வார்த்தலைக் காணலாம். அயலவனோடு ஒரே வரிசையில் நின்று வாங்கிக் குடித்தல் கூடாது. விழாவின் பயன் கூடுதலிலே உள்ளது.

ஆசிரியர்காள், இப்பயனை அவர்க்கு ஆக்கிக்கொடுத்தல் நம் கடன். யாம் இளமையிலே மிஷன் பாடசாலையிற் கற்றேம். ஆண்டு அவர்தம் பெருநாளுக்கு முன்னரே அந்நாளின் பொருளை வகுப்பிலே கூறுவர். சிறுபிள்ளையும் அதனை ஒப்புவிக்கும். நம் திருவிழாவின் பொருளைக் கேட்டால், சைவப் பிள்ளைகள் பெரும்பாலார் வாய் திறவார். நாவலரவர்களும் மெதடிஸ்த பாடசாலையிற் கற்றுக் கற்பித்தவர்களே. அவர்கள் நல்லது எங்கிருந்து வரினும் கொள்ளத்தக்கது எனக் கண்டு, 1847ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 31ஆந் தேதி வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே பிரசங்கத்தைத் தொடங்கினார்கள். கோயிலுக்கு வருவோர் பொருளறிந்து வழிபடவேண்டும் என்பதே அவர்கள் கருத்து. அம்முயற்சி இன்று நம் கையில் இருக்கின்றது.

செய்யத்தக்கன சில கூறுவாம். பூரணைக்கு முன்னைநாள், வந்த பிள்ளைகளையும் ஊர்ப் பிள்ளைகளையும் ஒருங்கு கூட்டி, ஒரு நாழிகையேனும் நாளின் பொருளைச் சொல்லுக. இந்திரன் பழி தீர்ந்த கதை, தாய்க்குரிய விரதம், தீர்த்தம், கஞ்சி என்னும் நான்கும் போதும். தமிழ் அறியாத பிள்ளைக்கு அது அறிந்த பாஷையிற் கூறுக. தமிழ் அறியாமை அதன் குற்றமன்று. அதனை நகையாடிய ஒரு சொல், பத்துத் திருவிழாக் காட்டுதலாலும் ஆறாது. மறுநாள் வந்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஊர்ப் பிள்ளை ஒன்றைத் துணையாக்குக. இருவரும் நீராடி, நீறணிந்து, தரிசித்து, கஞ்சி வார்க்குமிடத்திலே தொண்டு செய்க. இரவிலே விளக்குக்களைக் கண்டு களிக்க. பகலிலே வழிபட்டார்க்கு இரவின் களிப்புத் தீங்காகாது.

சித்திரையில் வர இயலாதார் வருந்தற்க. ஆவணியிலே அயலூராகிய தொண்டைமானாற்றிற் செல்வச்சந்நிதி முருகன் திருவிழா நிகழும். பூசகர் வாய்கட்டி மௌனமாகப் பூசிக்கும் அச்சந்நிதி, சொல்லினும் மிக்க பாடத்தைப் புகட்டும். அதுவும் இயலாதேல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கூட்டம் இல்லாத கோயிலிலே, பாட்டனார் நின்று வணங்கிய தூணருகே பிள்ளையை நிறுத்தி அஞ்செழுத்தை ஓதுவிக்க. நாளினும் சிரத்தையே பெரிது.

ஆதலால், வருதல் தகுமோ என்று கேட்பார்க்கு நாம் கூறும் விடை இதுவே: காண்பதற்கு மாத்திரமாயின் வருதல் வேண்டா, வழிபடுதற்காயின், கடன்படாது, பிள்ளைகளோடு தவறாது வருக. வந்தாரைப் பார்வையாளராகவே திருப்பியனுப்புவேமாயின் குறை நம்மதே.

திருச்சிற்றம்பலம்