செல்லாக் காசு

தமிழில் 'நாணயம்' என்ற ஒரே சொல் காசையும் குறிக்கிறது, நேர்மையையும் குறிக்கிறது. இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில் ஐக்கிய அமெரிக்காவில் காசு போட்டு இயக்கும் பொறிகளுக்கு நேர்ந்தவற்றைப் படித்தபோது, இந்த இரு பொருளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகக்கூடியவை என்று எனக்குப் பட்டது.

1943இல் அந்நாட்டில் செம்புக்குப் பெருந் தட்டுப்பாடு. தோட்டாவுக்கும் மின்கம்பிக்கும் செம்பு வேண்டியிருந்ததால் ஒரு சதக் குற்றியைத் துத்தநாகம் பூசிய உருக்கில் வார்த்தார்கள். நூறு கோடிக்கும் மேற்பட்ட குற்றிகள் வெளிவந்தன. கடைக்காரர் அதை வாங்கினார். ஆனால் காசுப் பொறி வாங்கவில்லை. இரும்பு வில்லைகளைப் போட்டு ஏமாற்றுவோரைப் பிடிப்பதற்காகப் பொறிக்குள் முன்னரே ஒரு காந்தம் வைக்கப்பட்டிருந்தது. அரசாங்கமே அச்சிட்ட உண்மையான காசை அந்தக் காந்தம் கள்ளக் காசென்று பிடித்துக்கொண்டது.

ஐந்து சதக் குற்றியின் கதை வேறு. அதிலிருந்த நிக்கல் கவச உருக்குக்குத் தேவைப்பட்டது. 1942இல் அதை நீக்கிவிட்டு 56 வீதம் செம்பு, 35 வீதம் வெள்ளி, 9 வீதம் மங்கனீசு என்று கலந்தார்கள். இந்த விசித்திரமான கணக்குக்கு ஒரு காரணம், பழைய குற்றி என்று நினைத்துப் பொறி அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே. பாட்டுப் பெட்டிக்கு ஐந்து சதம்தான் கட்டணம். யுத்தத்தின் நடுவே ஓர் அரசு, பொறியின் சந்தேகத்துக்கு அமையத் தன் வெள்ளியை நிறுத்துக் கொடுத்திருக்கிறது!

பொறிக்கு ஒழுக்கம் இல்லை, அதைச் செய்தவனுக்கும் பாவிப்பவனுக்கும்தான் உண்டு என்று சொல்வோர் பலர். என்னால் அதை முழுதாக ஏற்க முடியவில்லை. அந்தக் காந்தம் என்ன? 'மனிதர் ஏமாற்றுவர், இரும்பைக் கொண்டு ஏமாற்றுவர்' என்று யாரோ ஒருவர் எப்போதோ செய்த தீர்ப்பு. அவர் போய்விட்டார், தீர்ப்பு உள்ளே இருக்கிறது. கடைக்காரரும் சந்தேகப்படுவார்தான், ஆனால் ஒரு குற்றியைத் திருப்பிப் பார்த்துவிட்டு மனம் மாறவும் அவருக்கு முடியும்.

சட்டமும் சில வேளை இப்படித்தான். நியூயோர்க் மேயர் லா கார்டியா 1942 ஜனவரியில் பின்போல் விளையாட்டைத் தடைசெய்தார். பொலிஸார் ஆயிரக்கணக்கான பொறிகளைப் பறித்துச் சம்மட்டியால் உடைத்தனர். அந்த உலோகம் யுத்தத்துக்கு உதவும் என்றும் சொல்லப்பட்டது. சூதை ஹராம் என்று கற்று வளர்ந்தவன் நான். பிள்ளைகளின் பகல் சாப்பாட்டுக் காசைப் பொறி விழுங்குகிறது என்ற அவரது கவலையை இலேசாக ஒதுக்கிவிட மாட்டேன். அன்றைய பின்போலில் பந்தைத் தட்டிவிடும் துடுப்புகள் கிடையாது. பெரும்பாலும் விதிப்படிதான் பந்து உருண்டது. 1947இல் துடுப்பு வந்தது, கைத்திறனுக்கு இடம் வந்தது. தடையோ 1976 வரை நீடித்தது. அவ்வாண்டு ரொஜர் ஷார்ப் என்பவர் நகர சபையினர் முன் விளையாடி, பந்து எந்தப் பாதையில் போகும் என்று முன்கூட்டிச் சொல்லிக் காட்டிய பிறகே அது நீங்கியது. முப்பத்து நான்கு வருடக் காந்தம்.

புதிய விளையாட்டுப் பொறிகளின் உற்பத்தி 1942இலேயே நின்றுபோனது. சிக்காகோவின் ரொக்-ஓலா கொம்பனி பாட்டுப் பெட்டியை விட்டு இராணுவத்துக்கு இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான கார்பைன் துவக்குகளைச் செய்தது. அவற்றை யாரும் சம்மட்டியால் உடைக்கவில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

பழைய பொறிகளுக்குப் புது வேஷம் போடுவதே மிஞ்சியிருந்த தொழில். சீபேர்க் கொம்பனியின் ஒளித் துவக்கு விளையாட்டு ஒன்றில் கோழித் திருடன் ஒருவன் இலக்காக இருந்தான். அவனைக் கழற்றிவிட்டு ஜப்பானியன் ஒருவனின் கோரமான உருவத்தை மாட்டினார்கள். துவக்கும் அதுவே, ஒளியும் அதுவே, காசும் அதுவே. சந்தேகத்தை மாற்ற மாட்டாத பொறியில் பகைவனின் முகத்தை மாற்றுவது எத்தனை இலேசாக இருந்திருக்கிறது!

அதே 1942இல்தான் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து சுமார் ஒரு இலட்சத்து இருபதாயிரம் ஜப்பானிய வம்சாவளியினர் வீடு வாசலை விட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். மூன்றில் இரண்டு பங்கினர் அந்நாட்டுப் பிரஜைகள். அரசாங்கத்தின் முத்திரை பதித்த பத்திரங்கள் அவர்களிடம் இருந்தன. முகத்தைப் பார்த்துத் தீர்மானித்தார்கள். ஒரு சில நாட்களில் கையில் எடுக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறுவது எப்படியென்று இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

உருக்குக் காசு ஒரு வருடத்தோடு நின்றது. 1944இல், சுட்டு முடிந்த தோட்டாக் கோதுகளின் பித்தளையையும் சேர்த்து உருக்கி மீண்டும் செம்பு நிறச் சதங்களை வார்த்தார்கள். அவற்றைக் காந்தம் பிடிக்கவில்லை. பொறி மறுபேச்சின்றி விழுங்கிக்கொண்டது.