புற்றும் பானையும் பெட்டியும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பாம்புக்கே முட்டையும் பாலும் வைப்பவர்களும் நாம்தான். கண்டவுடன் கம்பைத் தேடுவது ஒரு வகை அச்சம். கன்னத்தில் போட்டுக்கொள்வது மற்றொரு வகை அச்சம். அடிக்கிறவன், கும்பிடுகிறவன் ஆகிய இருவருமே பாம்புக்கு என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. கேட்டிருந்தால், பாலைச் செரிக்க முடியாத ஒரு பிராணிக்குத் தலைமுறை தலைமுறையாகப் பால் வார்த்துக்கொண்டிருப்போமா?

இன்று மூன்றாவது மனிதன் ஒருவன் வந்திருக்கிறான். அவன் பாம்பை விலை கொடுத்து வாங்கி வீட்டில் வளர்க்கிறவன். அவனைப் பற்றித்தான் இங்கே சிறிது எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

சாத்தாங்காட்டு இரும்பு அங்காடியில் கணக்கெழுதும் இளைஞர் ஒருவர் எனக்குப் பழக்கம். என் கதைகளைப் படிப்பவர். அவர் வாங்கியிருப்பது நம் நாட்டுப் பாம்பு அன்று. நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அவரிடம் இருப்பது ஆப்பிரிக்காவின் சிறு மலைப்பாம்பு வகை. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும், நஞ்சில்லாதது. 2022-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, இத்தகைய அயல்நாட்டுப் பிராணிகளை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தக் காகிதங்களையெல்லாம் அவர் ஒழுங்காக வைத்திருக்கிறார். பெட்டி செய்வதுதான் அவருக்குப் பிரச்சினையாகிவிட்டது.

"சார், இதுக்கு எந்தப் பலகை ஆவும்? மரக்கடையில கேட்டா சிரிக்கிறாங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது நல்ல கேள்வி என்று தோன்றியது. விசாரித்தும் படித்தும் பார்த்தபோது, நாம் சாதாரணமாக நினைக்கும் பொருள்களில் எத்தனை அந்தப் பிராணிக்கு ஆகாதவை என்று தெரிந்து வியந்தேன்.

நமக்கு மணமாக இருப்பதே அதற்குத் தீங்கு. தேவதாரு போன்ற மரங்களின் எண்ணெய் பூச்சியை அண்டவிடாது என்று பெட்டி செய்து துணி வைக்கிறோம். அதே எண்ணெயின் ஆவி, மூடிய பெட்டிக்குள் இரவும் பகலும் கிடக்கும் பாம்பின் மூச்சைக் கெடுக்கும். பிசின் கசியும் பைன் பலகையும் அப்படித்தான். பாம்பு நாக்கை நீட்டுவது நம்மை மிரட்டுவதற்காக அன்று. காற்றில் மிதக்கும் நுண்துகள்களை நாவில் ஏந்தி, மேலண்ணத்தில் உள்ள உறுப்பில் வைத்து உலகத்தை அறிவதற்காக. வாசனையே அதற்குப் பாதிப் பார்வை. அத்தகைய பிராணியை வார்னிஷ் நெடி போகாத பெட்டியில் அடைப்பது, நம் கண்ணில் மிளகாய்ப் பொடியைத் தூவிவிட்டு வீடு அழகாக இருக்கிறதா என்று கேட்பது போன்றது.

துறைமுகத்தை அடுத்த எங்கள் பகுதியில் சரக்கு அடுக்கி வரும் பலகைச் சட்டங்கள் மலிவாகக் கிடைக்கும். ஏழை வீட்டுக் கட்டில் முதல் கோழிக்கூடு வரை அவற்றால் ஆனதுதான். அந்தச் சட்டங்களில் ஒரு முத்திரை இருக்கும். எச்.டி. என்றிருந்தால் மரத்தைச் சூடேற்றிப் பூச்சியைக் கொன்றிருக்கிறார்கள் என்று பொருள். எம்.பி. என்றிருந்தால் மெதில் புரோமைடு என்னும் நச்சுப் புகையிட்டிருக்கிறார்கள். நல்ல முத்திரையே இருந்தாலும், வரும் வழியில் அதன்மேல் எந்த மூட்டையிலிருந்து எது கசிந்ததோ, யார் கண்டார்கள்? தெரியாத பலகையை விட்டுவிடுவதே நல்லது.

கண்ணாடி எதையும் உறிஞ்சாது, துடைத்தால் தூய்மையாகிவிடும். ஆனால் நாற்புறமும் கண்ணாடி என்றால் ஒளிய இடமில்லை; வெயில் படும் இடத்தில் வைத்தால் அது அடுப்பாகிவிடும். சென்னைச் சித்திரை வெயிலில் இதைச் சொல்லவே வேண்டியதில்லை. கண்ணாடியை ஒட்டும் சிலிக்கோன் பசையில் காடி வாசனை அடங்கும்வரை பாம்பை உள்ளே விடக் கூடாது. கம்பிவலை அடித்தால், வழி தேடித் தேடி மூக்கை உராய்ந்து புண்ணாக்கிக்கொள்ளும். ஒட்டுநாடா செதிலில் ஒட்டினால் தோலோடு வரும். தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவுவதும், பக்கத்தில் கொசுவர்த்தி ஏற்றுவதும், மூலையில் அந்துருண்டை போடுவதும் நமக்குச் சுகாதாரம், அதற்கு நஞ்சு. பாம்பின் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்வதில்லை. ஆகையால் பெட்டியில் ஒரு பக்கம் சற்று வெதுவெதுப்பாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும்.

இவ்வளவையும் அந்த இளைஞரிடம் சொன்னேன். அவர் ஒரு சிறு நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். பேச வாயில்லாத, முகத்தில் வேதனை தெரியாத, தடவிக் கொடுத்தால் வாலாட்டாத ஓர் உயிருக்கு எது வலிக்கும் என்று எண்ணிப் பார்ப்பது எளிய காரியம் அன்று. நாயிடம் அன்பு காட்டுகிறவனுக்கு நாய் அன்றே கூலி கொடுத்துவிடுகிறது. பாம்பு எந்தக் கூலியும் கொடுப்பதில்லை.

ஆனால் அக்கறை இருப்பதாலேயே செயல் நியாயமாகிவிடுமா? பலகையைச் சரியாகத் தேர்ந்துவிட்டால் கூண்டு சரியாகிவிடுமா? இங்கேதான் என் மனம் தயங்குகிறது.

இதே சென்னைக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இன்னொரு வகைப் பாம்பு வீடு இருக்கிறது. அதற்குப் பலகையும் இல்லை, கண்ணாடியும் இல்லை. மண்பானை. உள்ளே மணல், வாயில் துணி கட்டியிருக்கும். 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் பானைகள் அவை. ஒரு காலத்தில் இருளர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். அந்தத் தோல் வணிகம் சட்டத்தால் நின்றபோது அவர்கள் பிழைப்பும் நின்றது. அதே கைத்திறமையை உயிர் காக்கும் தொழிலாக மாற்றியது அந்தச் சங்கம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து முறிமருந்து செய்ய அனுப்புகிறார்கள். நம் நாட்டில் பாம்புக் கடியால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 58,000 பேர் இறப்பதாக 2020-இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதை நினைத்தால் அந்தப் பானைகளின் அருமை விளங்கும். 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மண்பானை பாம்புக்கு ஏன் ஒத்துப்போகிறது? அது மண், அதில் பூச்சும் இல்லை, நெடியும் இல்லை. உள்ளே இருட்டு. ஆனால் அந்தப் பானையில் எனக்குப் பெரிதாகப் படுவது மண் அன்று, அதன் கெடு. வாரம் ஒரு முறை நஞ்செடுத்து, மூன்று நான்கு வாரங்களில், வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கு அதுவும் துன்பந்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆயினும் அந்தச் சிறைக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு முடிவும் இருக்கிறது.

பானைக்கும் முந்திய வீடு புற்று. கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடி புகுந்தது என்று பாம்பைக் குறை சொல்லும் பழமொழி நமக்குத் தெரியும். பாம்பின் பக்கமிருந்து பார்த்தால், அது நல்ல வீட்டைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த பிராணி. வெளியே கொளுத்தினாலும் உள்ளே குளிர்ச்சி. காய்ந்த காலத்திலும் ஈரம். சாத்தாங்காட்டுக்குப் பக்கத்தில், திருவொற்றியூர்க் கோயிலில் மூலவரே புற்று வடிவம்தான். வாசுகி வழிபட்டதாகத் தலபுராணம். படம்பக்கநாதர் என்று பெயர். ஆண்டு முழுவதும் கவசத்தால் மூடியிருக்கும் திருமேனியைக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசமின்றித் தரிசிக்கலாம். புற்றைத் தெய்வமாகக் கண்ட முன்னோருக்கு அதன் வாசலை அடைக்கும் எண்ணம் வந்ததில்லை.

ஆக, புற்றுக்கு வாசல் இருக்கிறது. பானைக்குத் தவணை இருக்கிறது. இளைஞரின் பெட்டிக்கு இரண்டும் இல்லை. அந்த மலைப்பாம்பு நன்றாகக் கவனித்தால் இருபது ஆண்டுக்கு மேலும் வாழும். நம் ஊரில் அதைத் திறந்துவிடவும் கூடாது; விட்டால் ஒன்று அது சாகும், அல்லது இங்குள்ள உயிர்களுக்குக் கேடாகும். ஆகவே, "எந்தப் பலகை?" என்று கேட்பதற்கு முன்பே, கடையில் பணத்தை நீட்டுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "என் ஆசை இருபது ஆண்டு தாங்குமா?" வாங்கியான பிறகு கடமை ஒன்றுதான் மிஞ்சுகிறது. ஓர் உயிரின் வாசலை அடைத்தவன், அது மூச்சுவிடும் காற்றுக்கும், படுக்கும் தரைக்கும், ஒளியும் நிழலுக்கும் கடைசிவரை பொறுப்பாளி. தப்பிப் போக முடிந்த உயிருக்கு நாம் செய்வது உதவி. தப்பிப் போக முடியாத உயிருக்குச் செய்வதைத் தருமம் என்றுகூடச் சொல்லக் கூடாது, அது கடன்.

இந்த நியாயம் பாம்போடு நிற்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. சாத்தாங்காட்டுக்கு அடுத்த மணலியை, நாட்டிலேயே கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளுள் ஒன்றாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் குறித்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் மிதந்து வந்து வீட்டுச் சுவர்களிலும் எண்ணூர்க் கழிமுகத்துப் படகுகளிலும் வலைகளிலும் அப்பியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு பெரியகுப்பம் கடற்கரைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். விடிந்ததும் எங்கே போனார்கள்? அதே வீட்டுக்குத்தான் திரும்பினார்கள்.

'அவர்கள் வீட்டுக் கதவு திறந்துதானே இருக்கிறது, வேண்டாமென்றால் வேறிடம் போகலாமே' என்று சொல்வது எளிது. வலை இங்கே, வேலை இங்கே, குடிசைக்குக் கொடுத்த முன்பணம் இங்கே. கையில் காசில்லாதவனுக்குத் திறந்த கதவும் அடைத்த கதவுதான். அப்படியானால், அவன் சுவாசிக்கும் காற்றுக்கு யார் பொறுப்பாளி? ஒரு பலகையை மூக்கருகே வைத்து, இந்த நெடி பாம்புக்கு ஆகுமா என்று முகர்ந்து பார்க்கும் மனிதர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் கண்டு சிரிக்க வேண்டாம். ஆலைக்கு இடம் குறிக்கிறவர்களும், அனுமதிக் காகிதத்தில் கையெழுத்திடுகிறவர்களும் அதே கேள்வியை அதே அக்கறையோடு ஒரு முறை கேட்டால் போதும்.