தன்னைப் பேணலும் அறனும்: மருந்து அதிகாரத்தை முன்வைத்து ஒரு சிந்தனை

தன் உடல்நலத்தைப் பேணுதல் அறமாகுமா, அன்றி வாழத் தெரிந்தவனின் காரியத் திறன் மட்டுந்தானா என்னும் வினா தமிழ் அறநூல்களைப் பயில்வோரிடையே அதிகம் எழுவதில்லை. ஈகையும் விருந்தோம்பலும் வாய்மையும் பிறரை நோக்கிய ஒழுக்கங்கள். ஆதலின் அவற்றை அறம் எனக் கொள்வதில் எவர்க்கும் தயக்கமில்லை. உண்ணும் அளவைக் குறைத்தலும், நாள்தோறும் நடத்தலும், உரிய காலத்தில் மருந்து உட்கொள்ளுதலும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கனவா? தில்லியில் தமிழ் பயிற்றிவரும் எனக்கு நீரிழிவு கண்டறியப்பட்டு 14 ஆண்டுகள் ஆகின்றன. எனவே இவ்வினா ஏட்டளவில் நில்லாது அன்றாடம் எதிர்ப்படும் ஒன்றாயிற்று. இந்நோயுடையார் இந்நாட்டில் சிறு தொகையினரும் அல்லர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் நீரிழிவு உடையவர்கள் என மதிப்பிட்டது. ஆதலின் என் அனுபவத்தை ஓரளவு சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய இக்கட்டுரை முயல்கிறது.

மருந்து அதிகாரத்தின் இடம்

திருக்குறளில் உடல்நலம் பற்றி நேராகப் பேசுவது 95ஆம் அதிகாரமாகிய மருந்து. அது அறத்துப்பாலில் இல்லை. பொருட்பாலில், பரிமேலழகர் கொண்ட வைப்பின்படி அங்கவியலில், நட்பு பற்றிய 17 அதிகாரங்களின் இறுதியில் நிற்கிறது. அதற்கு முன் நிற்பவை வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை, சூது. இவ்வைப்பை மட்டும் நோக்குவார்க்கு, உடல்நலம் பேணுதல் அரசனும் பொருளீட்டுவோரும் கைக்கொள்ளவேண்டிய பயன்நோக்கிய அறிவுரையாகவே தோன்றும்.

ஆயின் அறத்துப்பாலின் தொடக்கத்திலேயே, இல்வாழ்க்கை அதிகாரத்தில், இல்லறத்தான் ஓம்பவேண்டிய ஐவரை வள்ளுவர் வரிசைப்படுத்துகிறார். பிதிரர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் ஆகியோரை அடுத்து ஐந்தாவதாக அவன் தன்னையே வைக்கிறார். பிற நால்வரையும் ஓம்புதல் அறம் என்பது வெளிப்படை. தன்னை ஓம்புதல் எவ்வாறு அறமாகும்? இவ்வையத்தை உணர்ந்தவர் பரிமேலழகர். எல்லா அறங்களையும் ஒருவன் தான் இருந்தே செய்யவேண்டியிருத்தலின் தன்னைக் காத்தலும் அறமாயிற்று என்பது அவர் தரும் விளக்கத்தின் சாரம். மேலும் ஒன்று கூறுகிறார். இவ்வைவர்க்கும் ஐந்து கூறு வேண்டுதலின் அரசனுக்குரிய இறை ஆறில் ஒன்றாயிற்று என்கிறார். இக்கணக்கின்படி ஒருவனது வருவாயில் தனக்கென்று நிற்பது ஆறில் ஒரு கூறு. அதற்கு மேலும் இல்லை. அதற்குக் கீழும் இல்லை. தன்னை முற்றிலும் மறந்து வாழ்பவனைப் போற்றும் நம் பழக்கத்திற்கு இக்கணக்கு இடங்கொடுக்கவில்லை என்பது நோக்கத்தக்கது.

ஆகவே ஏன் பேணவேண்டும் என்பதற்கு விடை அறத்துப்பாலிலும், எவ்வாறு பேணவேண்டும் என்பதற்கு விடை பொருட்பாலிலும் உள்ளன எனக் கொள்ளலாம். இரண்டையும் சேர்த்துப் படியாமையே நம் குழப்பத்திற்குக் காரணம் என்பது என் துணிபு.

உடம்பை இழித்துரைக்கும் மரபு ஒன்று தமிழில் வலுவாக உண்டென்பதை மறுப்பதற்கில்லை. நாலடியாரின் யாக்கை நிலையாமை, தூய்தன்மை ஆகிய அதிகாரங்கள் அதற்குச் சான்று. ஆயினும் திருமூலர், உடம்பைத் தாழ்வாகக் கருதியிருந்த தாம், அதனுள்ளே இறைவன் உறைதலைக் கண்டபின் அதனைப் பேணத் தலைப்பட்டதாகத் தம் மனமாற்றத்தைப் பதிவு செய்கிறார். துறவு நெறியினர் ஒருவரே இவ்வாறு கூறுவது, இவ்விரு நிலைகளும் ஒரே மரபினுள் நின்று வாதிட்டன என்பதைக் காட்டும்.

அளவு என்னும் ஒழுக்கம்

மருந்து அதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களில் எந்த மருந்தின் பெயரும் இல்லை. ஆறு குறட்பாக்கள் உண்ணும் முறையையே பேசுகின்றன. முன்னுண்டது செரித்ததா என அறிதல், பசித்தபின் உண்ணுதல், ஒவ்வாதன நீக்கல், வயிற்றுத்தீயின் அளவறிதல் என்பன அவற்றின் பொருள். மாணவப் பருவத்தில் இவற்றை மனப்பாடம் செய்தபோது இவை எளிய அறிவுரைகளாகவே தோன்றின. நோய் வந்தபின்னரே இவை கோருகின்ற உழைப்பு புலனாயிற்று. செரித்ததை அறிதல் என்பது கவனத்தைத் தன் உடம்பின்மேல் நிறுத்தும் ஒரு பயிற்சி. காலையில் விரல் நுனியில் ஊசி குத்திக் குளுக்கோமீட்டரில் எண்ணைப் பார்க்கும் செயலும் அதன் இக்கால வடிவம்தான். இரண்டு இட்லி உண்ட நாளின் எண்ணும், நான்கு உண்ட நாளின் எண்ணும், உறங்காது விடைத்தாள் திருத்திய இரவுக்குப் பிந்தைய எண்ணும் வேறு வேறு. உணவு மட்டுமன்றிச் செயலும் மிகினும் குறையினும் நோய் செய்யும் எனப் பரிமேலழகர் விரித்துரைத்தது எத்துணைப் பொருத்தம் என்பதை அவ்வெண்களே எனக்கு உணர்த்தின.

(கருத்தரங்குகளில் தேநீருடன் வழங்கப்பெறும் இனிப்பையும், அதை மறுப்பவரிடம் விருந்தோம்பல் அதிகாரத்தை எடுத்துரைக்கும் நண்பர்களையும் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.)

இவ்விடத்தில் ஓர் இடர் உண்டு. அளவறிந்து உண்ணுதல் அறமாயின், நோயுற்றவன் அறம் பிழைத்தவன் என்று கொள்ளவேண்டி வருமன்றோ? எனக்கு நோய் வந்த செய்தியைக் கேட்டவர்கள் முதலில் வினவியது, இனிப்பு மிகுதியாக உண்பீர்களோ என்பதே. ஒரு மருத்துவமனையில் சோதனை அறிக்கையைப் புரட்டிய மருத்துவர், நான் வாய்திறக்குமுன் குற்றம் சாட்டும் குரலில் பேசத் தொடங்கினார். என் தந்தையார்க்கும் அவர்தம் தமக்கையார்க்கும் இந்நோய் இருந்தது என்பது அவர் கேட்டறிந்த செய்தி அன்று. மாத்திரை ஒன்றும் உட்கொள்ளாமல் அறுபதைக் கடந்தேன் எனப் பெருமிதம் கொள்ளும் நண்பர்களின் சொற்களிலும் இதே எண்ணம் மறைந்து நிற்கிறது.

பரிமேலழகர் இதற்கு ஓர் எல்லை வகுத்திருக்கிறார். அவர் அதிகார முன்னுரையில், பிணிகள் பழவினையாலும் பிற காரணங்களாலும் வரும் என இரண்டாகப் பகுத்து, பழவினையால் வருவன அது கழிந்தாலன்றித் தீரா ஆதலின், ஏனைக் காரணங்களால் வருவனவற்றைத் தீர்க்கும் திறமே இங்குக் கூறப்படுகிறது என்கிறார். பழவினைக் கொள்கையை ஏற்பாரும் மறுப்பாரும் உளர். மரபணுவை அவ்விடத்தில் வைத்துப் படிப்பதும் மிகையே. ஆயினும் அப்பகுப்பின் பயன் தெளிவானது. ஒருவன் தன் அளவறிதலால் தடுக்கக்கூடியவை சில. தடுக்க இயலாதவை சில. இப்பகுப்பை ஏற்றபின் நோய் ஒன்றையே கொண்டு ஒருவனது ஒழுக்கத்தை அளக்க இயலாது. பேணுதல் அறமாவது பேணுகின்ற முயற்சியால். அதன் விளைவாகிய எண்ணால் அன்று. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஏழுக்குக் கீழ் வந்தவன் அதனினும் மேல் நிற்பவனைவிட நல்லவன் ஆகான்.

உடனிருப்போர்

அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு உறுப்புடையதாகக் காண்கிறது: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து அதனை இயற்றுபவன். சரக சங்கிதையிலும் இந்நான்கும் மருத்துவத்தின் பாதங்களாகக் கூறப்படுகின்றன. இவற்றுள் நான்காமவரைப் பற்றி நாம் போதிய அளவு சிந்தித்ததில்லை. தன்னைப் பேணுதல் என்னும் தொடர், பேணுபவனும் பேணப்படுபவனும் ஒருவனே என்னும் தோற்றத்தைத் தருகிறது. என் வீட்டு நடைமுறை அதற்கு மாறானது. கேழ்வரகும் கோதுமை ரவையும் எந்நாளில் எவ்வளவு என முடிவு செய்வதும், எனக்கும் பிள்ளைகளுக்கும் இருவேறு உணவு சமைப்பதும், மாத்திரை தீரும் நாளை நினைவிற் கொள்வதும் என் மனைவியின் செயல்கள். என் தன்னடக்கம் எனப் பிறர் பாராட்டுவதில் பெரும்பகுதி அவரது உழைப்பு.

அவர் தம்மை ஐந்தாமவராக எண்ணுகிறாரா என்பது வேறு வினா. நம் இல்லங்களில் எல்லாருக்கும் பரிமாறியபின் எஞ்சியதை உண்ணும் பெண்களுக்கு அவ்வைந்தாம் கூறு கணக்கில் வருவதில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21), 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள் எனவும், அவ்வயது ஆடவரில் அது 25 விழுக்காடு எனவும் காட்டுகிறது. மகப்பேறு முதலிய உடலியற் காரணங்கள் இதில் உண்டு. எனினும் தட்டில் விழும் உணவின் பங்கை யாரும் மறுக்க இயலாது. மிகுதியால் வரும் நோயைப் பற்றியே பேசிப் பழகிய நமக்கு, குறைவாலும் நோய் வரும் என அதே குறள் கூறியிருப்பது எளிதில் மறந்துபோகிறது. மணிமேகலை பசியையே பிணி என்றது. அப்பிணியுடையாரிடம் அளவறிந்து உண்ணுமாறு கூறுவதற்குப் பொருளில்லை. அளவு என்னும் ஒழுக்கம் தெரிவு உடையவர்க்கே உரியது.

காற்று

உணவு ஒருவனது தட்டில் தனித்து நிற்பது. காற்று அத்தகையது அன்று. தில்லியில் குளிர்காலம் தொடங்கியதும் நாள்தோறும் நடக்கவேண்டும் என்னும் அறிவுரையும் வெளியே செல்லவேண்டா என்னும் அறிவுரையும் ஒருங்கே வரும். 2024 நவம்பர் 18 அன்று 500ஐ உச்சமாகக் கொண்ட காற்றுத்தரக் குறியீடு இங்கு 490ஐத் தாண்டியது. பள்ளிகள் இணையவழிக்கு மாறின. கதவுகளைச் சாத்திக்கொண்டு கூடத்திலேயே நடக்கும் வசதி எனக்குண்டு. எங்கள் குடியிருப்பின் வாயிலில் இரவுக் காவல் புரிபவர்க்கு அஃதில்லை. அவர் குளிர்காயச் சுள்ளியும் அட்டையும் எரிக்கிறார். அப்புகை எங்கள் மாடிக்கு வருகிறது. எங்கள் நலம் கெடுகிறது, தீ மூட்டுதலைத் தடைசெய்க எனக் குடியிருப்போர் கூட்டத்தில் ஒருவர் முறையிட்டார். காவலர்களுக்கு மின்கணப்பு வழங்கவேண்டியது குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு என்பது தலைநகர்ப் பகுதிக்கான மாசுக்கட்டுப்பாட்டு நெறிமுறையிலேயே உள்ளதை இன்னொருவர் சுட்டினார். மின்கட்டணம் யார் தருவது என்பதில் வாதம் நீண்டது.

இல்வாழ்க்கை அதிகாரத்தில் ஐவரைக் கூறும் குறளுக்கு முந்தைய குறள், இல்லறத்தான் துணையாக வேண்டிய மூவரைக் கூறுகிறது. துறந்தவர்க்கும் இறந்தவர்க்கும் இடையே அதில் வறியவர் நிற்கின்றனர். தன்னை ஓம்புக என்னும் ஆணை அதன்பின்னரே வருகிறது. இவ்வரிசையைக் கொண்டு, காவலர்க்குச் செய்யும் செலவு வறியவர்க்குரிய உதவி எனக் கூறுதல் இயலும். கூட்டத்தில் அதற்கு இசைந்தவர்களும் அவ்வாறே, கொடை என்னும் சொல்லாலேயே பேசினர். அது பொருந்தாது எனக் கருதுகிறேன். அவர் மூட்டும் தீயின் புகையை உள்ளிழுப்பவன் யானும் ஆதலின், மின்கணப்புக்கும் அதன் மின்கட்டணத்திற்கும் நான் தந்த தொகையை ஐந்தாம் கூறாகிய என் சொந்தப் பங்கில், சோதனைக் கட்டணத்திற்கும் மாத்திரைச் செலவுக்கும் அடுத்த வரியில் எழுதிவைத்துள்ளேன்.