பாட்டாகிய பிரசாதம்

திருச்சிற்றம்பலம்

சைவ வித்தியாசாலைகளிலே கல்வி புகட்டும் உபாத்தியாயர்களாகிய மெய்யன்பர்களே!

ஆலயத்திலே பூசை நிறைவேறுங்கால் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம் என்னும் ஐந்தும் முறையே ஓதப்படுகின்றன. ஓதி முடிந்தபின் திருநீறும் தீர்த்தமும் பிரசாதமும் வழங்கப்படுகின்றன. வழங்குபவர் முன்னிற்பவருக்கு மாத்திரம் கொடுத்து, வரிசையின் கடைசியில் நிற்குஞ் சிறுபிள்ளையை வெறுங்கையோடு அனுப்புவாராயின் நாம் அதனைப் பொறுப்போமா? பொறோம். திருநீற்றுக்கும் பிரசாதத்துக்கும் நாம் கொண்ட இந்நீதியை, அவற்றின் முன்னே ஓதப்பட்ட திருப்பாட்டுக்கும் கொண்டோமா என்பதே இங்கே யாம் ஆராயப் புகுந்த விஷயமாகும்.

பாட்டினால் வரும் பயன் இருவகைப்படும். ஒன்று செவிக்கு வரும் இன்பம். மற்றையது ஆன்மாவுக்கு வரும் உறுதி. செவியின்பம் இகழத்தக்கதன்று. ஆயினும் அது கேட்ட பொழுதோடு ஒழிவது. உறுதியோ, பாடினவன் துன்பத்தில் வீழ்ந்தபொழுது அவனைத் தாங்கி எடுப்பது. திருநாவுக்கரசு நாயனார் முதற்பதிகம் பாடியது எங்கே? சூலைநோயால் வருந்தி, தமக்கையாராகிய திலகவதியார் அளித்த திருநீற்றை அணிந்து, திருவதிகை வீரட்டானத்துப் பெருமான் திருமுன்னர் நின்றபொழுது அன்றோ? பின்னர்க் கல்லோடு பிணித்துக் கடலிலே இடப்பட்டபொழுதும் அவர் திருவைந்தெழுத்தைப் போற்றிப் பாடினார். அக்கடலின் நடுவே அவர் பாட்டைக் கேட்டுத் தலையசைப்பார் ஒருவரும் இருந்திலர். கேட்பார் இல்லாதவிடத்தும் பாடுவானைக் காப்பது யாதோ, அதுவே உறுதி தரும் பாட்டு என்று அறிக.

இத்தகைய பாட்டுக்கு உரியவர் யாவர்? சேக்கிழார் பெருமான் கூறிய திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரலாறு இதற்கு விடை பகரும். திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் திருச்சாத்தமங்கையிலே திருநீலநக்க நாயனார் திருமனையில் எழுந்தருளியபொழுது, பாணர்க்கும் அவர் மனைவியார் மதங்கசூளாமணியார்க்கும் இடங் கொடுக்கும்படி பணித்தருளினார். திருநீலநக்கர் வேதியர், பாணரோ அக்காலத்தார் ஒதுக்கிவைத்த குலத்தவர். திருநீலநக்கர் தாம் வேள்வி செய்யும் வேதிகையின் அருகே அவ்விருவர்க்கும் இடம் அளித்தார். வேதிகையிலிருந்த தீயும் குறைவின்றி வலஞ்சுழித்து ஓங்கியது. இன்னுங் கேளுங்கள். காலம் பல கழிந்து, தேவாரத்துக்குரிய பண்முறை மறைந்திருந்தபொழுது, அப்பண்களை மீட்டு வகுத்தவர் எருக்கத்தம்புலியூரிலே அந்த யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியார் என்று திருமுறைகண்ட புராணம் கூறும். அன்று வீட்டின் உள்ளே இடம் பெற்ற மரபே பின்னாளில் திருமுறைக்குப் பண்ணை மீட்டுத் தந்தது. குலங் காரணமாகவோ, குரல் காரணமாகவோ ஒரு பிள்ளையைப் பாட்டுக்குப் புறம்பாக்குவோர் இதனைப் பன்முறை சிந்திக்கக் கடவர்.

இந்நெறி பழங்கதையாய் ஒழிந்ததன்று. நமது யாழ்ப்பாணத்திலே, கடனீரேரிக் கரையை அடுத்த கொழும்புத்துறையிலே, நம் முன்னோர் பலர் கண்ணாற் கண்ட உண்மை அது. 1872-ஆம் ஆண்டிலே மாவிட்டபுரத்திற் பிறந்து, கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதியிலே களஞ்சியக் காப்பாளராய்க் கடமை பார்த்து, நல்லூர்த் தேரடியிலே செல்லப்பா சுவாமிகளைக் குருவாகப் பெற்ற யோகர் சுவாமிகள், கொழும்புத்துறைச் சந்தியில் இலுப்பை மரத்தடியிலும், பின்னர் அவ்வூரிலே ஓர் எளிய குடிலிலும் வாழ்ந்து, 1964-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சிவபதம் அடைந்தார்கள். அக்குடிலுக்குக் கமக்காரரும் உத்தியோகத்தரும் உபாத்தியாயரும் மாணாக்கரும் வந்தனர். வந்தவர் தேவார திருவாசகங்களை அங்கே ஓதுவர். சுவாமிகள் தாமும் பாடுவார்கள். நினையாதபொழுது அவர்கள் திருவாயினின்றும் எழுந்த பாட்டை அருகிருந்த அன்பர் எழுதிக்கொண்டனர். அவையே நற்சிந்தனை என்னும் பெயரால் இன்று வழங்குகின்றன.

இங்கே உபாத்தியாயர்கள் கருதத்தக்கவை மூன்று உள. முதலாவது, அப்பாடல்களின் சொற்கள் எளியன. நான்காம் வகுப்பு மாணாக்கனும் அவற்றுட் பலவற்றை உரையின்றியே விளங்கிக்கொள்வான். இரண்டாவது, சுவாமிகள் அவற்றைத் தமக்கு உடைமையாகக் கருதிப் பூட்டி வைத்தாரல்லர்; வந்தவர் எழுதினர், பாடினர், தத்தம் வீட்டுக்குக் கொண்டு சென்றனர். 1930-களின் நடுப்பகுதியிலே தொடங்கிய ‘சிவதொண்டன்’ என்னும் மாதவெளியீடு அவற்றை ஊர்தோறும் பரப்பியது. மூன்றாவது, அவை மேடைக்கென எழுந்தனவல்ல. துயருற்று வந்தவன் துணிவு பெற்று மீளும்பொருட்டு எழுந்தவை. ஆதலாலன்றோ, சபை ஏறிப் பொருளுக்குப் பாடாத ஒருவரின் பாடல்கள் கடல் கடந்து சென்றன? அமெரிக்காவிலிருந்து வந்து 1949-ஆம் ஆண்டிலே சுவாமிகளைக் கண்ட சுப்பிரமுனிய சுவாமிகள் ஹாவாய்த் தீவுக்கூட்டத்துக் காவாய்த் தீவிலே நிறுவிய மடத்திலும் நற்சிந்தனை ஓதப்படுகின்றது. வண்ணார்பண்ணைச் சிவதொண்டன் நிலையத்தைக் கண்டவரும், அயல்நாடுகளில் நம்மவர் வீடுகளில் நிகழும் பிரார்த்தனைகளைக் கண்டவரும் இதனை நன்கறிவர்.

பாட்டை நெஞ்சிலே பதிப்பதனால் வரும் வலிமையை நம் நாட்டார்க்கு யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1981-ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபொழுது, மீளப்பெற இயலாத ஏடுகளும் நூல்களும் சாம்பராயின. 1995-ஆம் ஆண்டு ஒற்றோபர் மாத இறுதியிலே வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கானோர், மழையிலும் இருளிலும், கையில் எடுக்கக்கூடியதை மாத்திரம் எடுத்துக்கொண்டு தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தனர். வீட்டை எடுத்துச் செல்லல் கூடுமோ? புத்தக அலுமாரியை எடுத்துச் செல்லல் கூடுமோ? நெஞ்சிலே பதிந்த திருப்பதிகம் ஒன்றுக்கே பாரம் இல்லை. அதனைப் பறிப்பாரும் இல்லை. வாயிலே பாட்டு உள்ள தாய், மரத்தடியிலும் பிள்ளையைத் தேற்றுவாள். பாடசாலையில் அவளுக்கு அப்பாட்டு கொடுக்கப்படாதிருந்தால் அவள் எதனைக் கொண்டு தேற்றுவாள்? உபாத்தியாயர் கடமையின் பாரம் இவ்விடத்திலேயே விளங்கும்.

இனி, நம் வித்தியாசாலைகளின் நிலையை நோக்குவாம். பண்ணிசைப் போட்டிக்கு இனிய குரலுடைய இருவர் மூவர் தெரிந்தெடுக்கப்படுகின்றனர். மற்றையோர் வாய்மூடி இருக்கின்றனர். காலைப் பிரார்த்தனையில் ஒருவன் ஒலிபெருக்கியின் முன் ஓத, ஐந்நூறு பிள்ளைகள் கைகூப்பி நிற்கின்றனர். சிலவிடங்களில் அந்த ஒருவனும் இன்றி ஒலிப்பதிவே ஓதுகின்றது. “உனக்குக் குரல் இல்லை, நீ பாடாதே” என்று சொல்லப்பட்ட பிள்ளை, அச்சொல்லை ஆயுள் முழுவதும் சுமக்கின்றது. பிரசாதத் தட்டை முன்வரிசையோடு நிறுத்துவது இதுவன்றி வேறியாது?

“எல்லாரும் பாடினாற் பண் கெடுமே” என்பார்க்கு விடை கூறுவாம். பண்ணின் தூய்மை காக்கப்படல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஓதுவாமூர்த்திகள் போற்றப்படல் வேண்டும். விபுலாநந்த அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து 1947-ஆம் ஆண்டு அரங்கேற்றிய ‘யாழ்நூல்’ போல்வன கற்கப்படல் வேண்டும். ஆயினும் மடைப்பள்ளியிலே கைதேர்ந்தவர் பொங்கல் சமைப்பது எல்லாரும் உண்ணும்பொருட்டேயன்றி, தாம் ஒருவரே உண்ணும்பொருட்டன்று. வல்லவர் பாடிக் காட்டுக. ஏனையோர் பின்பற்றிப் பாடுக. பண் அவ்வாறே பரவும், அவ்வாறே நிலைபெறும்.

ஆதலால் உபாத்தியாயர்கள் செய்யத்தக்கவற்றைச் சுருக்கிச் சொல்லுதும். மாதத்துக்கு ஒரு திருப்பாட்டை எடுத்து, முழு வகுப்பும் அதனை மனனஞ் செய்யப் பண்ணுக. பாடுவதற்கு முன்னே, அது யாரால், எவ்விடத்தில், எந்த இடுக்கணில் பாடப்பட்டது என்பதைக் கதையாகச் சொல்லுக. நம் ஆலயங்களிலே புராணபடனம் நிகழும்பொழுது ஒருவர் வாசிக்க மற்றொருவர் பொருள் சொல்லும் வழக்கை வகுப்பிலும் கொண்டு, ஒரு பிள்ளை பாட, மற்றொரு பிள்ளை பொருள் சொல்லச் செய்க. குரல் நடுங்கும் பிள்ளையை வல்ல பிள்ளையின் அருகே இருத்துக. கற்ற பாட்டை அன்று மாலையே வீட்டிலே பாட்டியாருக்கோ, நோயாய்க் கிடப்பவருக்கோ பாடிக் காட்டும்படி பணிக்க. மார்கழி விடியலிலே சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவை பாடி வீதிவலம் வரும் நம் ஊர்வழக்கிலே மாணாக்கரைச் சேர்த்துவிடுக. எல்லாவற்றுக்கும் மேலாக, உபாத்தியாயர் தாமும் வாய்திறந்து பாடுக. பாடாத உபாத்தியாயரின் வகுப்பு பாடுவது அரிது.

இவற்றுக்குப் பணம் வேண்டுவதில்லை, கட்டடம் வேண்டுவதில்லை, மேலிடத்து உத்தரவும் வேண்டுவதில்லை. கொழும்புத்துறைக் குடிலிலே இவை ஒன்றும் இருந்தில. இருந்தன பாட்டும், அதனை வந்தவர் யாவர்க்கும் கொடுக்கும் மனமுமே.

பிரசாதம் கொடுக்குந்தோறும் தட்டிலே குறையும். திருப்பாட்டோ கொடுக்குந்தோறும் வளரும், கொடுத்தவனிடத்தும் குறையாது. நாளைக் காலைப் பிரார்த்தனையிலே, வரிசையின் கடைசியில் நிற்கும் பிள்ளையின் உதடுகளை நோக்குங்கள். அவை அசையுமாறு செய்வதே இத்தினத்திலே உங்கள் சிவதொண்டு. அதற்கு வேண்டிய பொறுமையையும் அன்பையும் எல்லாம்வல்ல சிவபெருமான் உங்களுக்குத் தந்தருளுவாராக.

திருச்சிற்றம்பலம்