மொய் நோட்டில் ஏறாத கடன்

கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் என்று ஆலங்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆடி பிறந்துவிட்டால் மொய் விருந்து. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து பத்திரிகை அடித்து ஆட்டுக்கறிச் சோறு போடுகிறார்கள். சாப்பிட்டவர் கை கழுவிவிட்டு நோட்டுக்கு முன்னால் வந்து நிற்கிறார். ஊர், பெயர், தொகை. விருந்து வைத்தவர், தனக்குச் செய்தவர் பின்னால் விருந்து வைக்கும்போது திருப்பிச் செய்ய வேண்டும். கொஞ்சம் கூட்டியும் செய்ய வேண்டும். அந்தக் கூடுதலுக்குப் புது நடை என்று பெயர். பழையதை மட்டும் செய்துவிட்டு நகர்ந்தால் உறவை முடித்துக்கொண்டதாக அர்த்தம். இப்போது பல பந்தல்களில் நோட்டு இருந்த இடத்தில் கணினி; தொகையைத் தட்டியதும் ரசீது வருகிறது.

அப்படி ஒரு பந்தலில் தட்டிக்கொண்டிருந்தவன் எனக்குத் தெரிந்த பையன். மற்ற நாட்களில் வீட்டிலிருந்தபடியே சென்னை நிறுவனம் ஒன்றுக்கு நிரல் எழுதுகிறவன். உன் தொழிலில் யார் யாருக்கு மொய் பாக்கி என்று விளையாட்டாகக் கேட்டேன். "யாருக்கும் இல்ல மாமா, எல்லாம் ஓசி" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. மடிக்கணினி, கரண்ட் போனால் தாங்குவதற்கு ஓர் இன்வெர்ட்டர், மாதாமாதம் இணையத்துக்கான பணம் – காசு கொடுத்தவை இவைதான். அதன்மேல் ஓடும் லினக்ஸ், எழுதியதைப் பதிந்து வைக்கும் கிட், பைத்தான், போஸ்ட்கிரெஸ், நிரலை அடிக்கும் விம் – ஒன்றுக்கும் அவன் பத்துப் பைசா கொடுத்ததில்லை. கொடுக்கும்படி யாரும் கேட்டதுமில்லை. கேட்கப்படாத கடன் கடனா என்பதே என் கேள்வி.

மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1925இல் கொடை பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில், இனாமான கொடை என்று ஒன்று கிடையாது என்கிறார். கொடுக்கும் கடமை, ஏற்கும் கடமை, திருப்பும் கடமை மூன்றும் சேர்ந்ததுதான் கொடை. பாலினேசியாவையும் வட அமெரிக்கப் பழங்குடிகளையும் வைத்து அவர் வந்தடைந்த முடிவு, வடகாட்டில் பந்தி பரிமாறுகிறவருக்குப் பால பாடம். ஆனால் விம் இந்தக் கணக்குக்குள் அடங்க மறுக்கிறது.

விம்மை எழுதியவர் பிராம் மூலெனார், நெதர்லாந்துக்காரர். 1991இல் முதலில் வெளியிட்டார். 1994இல் உகாண்டாவின் கிபாலே என்ற இடத்தில் குழந்தைகள் மையம் ஒன்றில் தண்ணீர், சுகாதார வேலைகளைப் பார்க்கும் பொறியாளராக ஓராண்டு இருந்தார். எய்ட்ஸில் பெற்றோரைப் பறிகொடுத்த குழந்தைகளை அங்கே பார்த்தார். அதன்பின் தன் நிரலுக்கு அவர் வைத்த நிபந்தனை விசித்திரமானது. எனக்கு ஒன்றும் வேண்டாம். மனமிருந்தால் அந்தக் குழந்தைகளுக்குக் கொடு. கோப்பு எதையும் குறிப்பிடாமல் விம்மைத் திறந்தால் திரையில் உகாண்டாக் குழந்தைகளுக்கு உதவக் கோரும் ஒரு வரி நிற்கும். 2023 ஆகஸ்ட் 3ஆம் தேதி தன் 62ஆம் வயதில் இறக்கும்வரை முப்பது ஆண்டுகளுக்குமேல் அதைச் செப்பனிட்டுக்கொண்டே இருந்தார்.

இது மொய்யின் நேர்த் தலைகீழ். மொய்யில் கொடுத்தவனுக்கே திரும்ப வேண்டும். இங்கே கடன் கொடுத்தவனைத் தாண்டி, இருவருமே அறியாத மூன்றாமவனுக்குப் போகிறது. மொய் நோட்டில் செய்தவர் பெயரும் உண்டு, வாங்கியவருக்கு அதுவே நினைவூட்டல். கிட்டின் பதிவேட்டில் கொடுத்தவன் பெயர் வரிக்கு வரி, தேதியோடும் நேரத்தோடும் இருக்கிறது. எடுத்துக்கொண்டவன் பெயர் எங்கும் இல்லை.

இதை உன்னதம் என்று சொல்லிவிடத் தோன்றும். நானும் சொல்லியிருப்பேன், 2024 மார்ச்சுக்கு முன்னால். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறு நிரலை லாஸ் காலின் என்ற ஒரு மனிதர் சம்பளமில்லாமல் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தார். உலகத்துச் சர்வர்களில் பெரும்பகுதி அதைச் சுமந்தன; அவரைச் சுமக்க ஆளில்லை. 2022இல், நீண்ட நாள் மனநலச் சிரமங்களால் முன்போல் கவனிக்க முடியவில்லை என்று அவரே எழுதினார். அதற்கு வந்த பதில்களில் சில, வேலை தாமதமாகிறது என்ற வசவு. அதற்கு முன்பே ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் ஒத்தாசைக்கு வந்திருந்தார், பொறுமையாக உழைத்தார், பொறுப்பில் பங்கு பெற்றார், 2024இல் அதற்குள் ஒரு கள்ளக் கதவை வைத்தார். ஆண்ட்ரெஸ் பிராயின்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலாளர், தன் இயந்திரத்தில் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாவது ஏன் என்று துருவியதால், அது பரவலாகப் போவதற்குமுன் மார்ச் 29 அன்று வெளிப்பட்டது.

திருடனைப் பற்றி இங்கே எனக்கு அக்கறை இல்லை. பந்தலில் ஓராயிரம் பேர் சாப்பிட்டுப் போன பிறகு சமையற்காரன் கைவலிக்கிறது என்றபோது, கரண்டியைப் பிடிக்க முன்வந்தவன் திருடன் மட்டும்தான் என்பதே என் உறுத்தல். சாப்பிட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல. கடன்பட்டிருக்கிறோம் என்ற பிரக்ஞை அவர்களுக்கு ஏற்பட வழியே இல்லாதபடி கொடை அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அதற்காக மொய் நோட்டைத் தூக்கிப் பிடிப்பதும் போலித்தனம். கஜா புயல் 2018 நவம்பரில் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போன பிறகும் நோட்டில் எழுதிய தொகை எழுதியபடியேதான் இருந்தது. வட்டிக்கு வாங்கி மொய் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாங்கியதைச் செய்ய முடியாதவனின் கூச்சம் வேறு எந்தக் கடனிலும் இல்லாத அளவு கொடியது. விம்முக்கு அப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால் அந்தப் பையன், பழைய கணினியோடு, யாரிடமும் தலைகுனியாமல் இந்தத் தொழிலைக் கற்றிருக்கவே முடியாது. கணக்கில்லாத கொடை அவனுக்குச் சுதந்திரமாக இருந்தது, காலினுக்குத் தனிமையாக.

அவன் ஓசி என்று சேர்த்துச் சொன்னவற்றில் வேறொரு வகையும் உண்டு. மின்னஞ்சல், வரைபடம், கோப்புகளைப் போட்டுவைக்கும் மேகம். இவை கொடையுமல்ல, மொய்யுமல்ல. இங்கே நோட்டு இருக்கிறது. மிகத் துல்லியமாக, நாம் என்ன தேடினோம், எங்கே நின்றோம் என்பதுவரை எழுதப்படுகிறது. ஆனால் நோட்டு அவர்கள் கையில் மட்டும். பந்தலைப் பிரிக்கும் நாளையும் அவர்களே குறிக்கிறார்கள். கூகுள் ரீடரை 2013இல் பிரித்தார்கள், நிரல்களைச் சேர்த்துவைக்கும் கூகுள் கோடை 2016இல். இவற்றையும் விம்மையும் ஒரே சொல்லால் குறிக்கிற மொழிச் சோம்பலில்தான் நம் அறச் சோம்பலும் இருக்கிறதோ என்று சந்தேகமாயிருக்கிறது.

அந்த உகாண்டா வரியைப் பார்த்திருக்கிறாயா என்று பையனிடம் கேட்டேன். பார்த்திருக்கிறான், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து. ஏதாவது ஒரு எழுத்தை அடிக்கத் தொடங்கினால் போய்விடும் என்றான். பிறகு, பக்கத்து மேசையில் யாரோ ஊர்ப் பெயரைச் சொல்ல, அதைத் தட்டத் திரும்பிக்கொண்டான்.