வட்டி நோட்டும் 15-ம் சங்கீதமும்



நம்ம ஜவ்வாது மலையில் விதைப்பு வந்தால் பல வீட்டில் விதைச் சாமை இருக்காது. ஒரு மூட்டை கடன் வாங்கினால் அறுப்பில் ஒன்றுக்கு ஒன்றரையாக அளக்கணும். சபை மூப்பனாகிய நானும் அப்படித்தான் கொடுத்தேன். பணமாகக் கேட்டால் இரண்டு வட்டி. "கந்துவட்டிக்காரனுக்கு நான் தேவலை"ன்னு மனசாட்சிக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என்னிடம் ஒரு மூட்டை வாங்கிய சகோதரி ஒருவர், முன்னால் நின்று கைதட்டிப் பாடுகிறவர், அறுப்பு முடிந்ததும் கடைசி வரிசைக்குப் போய்விட்டார்கள். ஏம்மா என்று கேட்டேன்.

"இன்னும் அரை மூட்டை பாக்கி நிக்குதுங்க ஐயா. உங்க முன்னாடி எப்படி வாயத் தொறந்து பாடறது?"

அன்று ராத்திரி 15-ம் சங்கீதத்தைத் திறந்தேன். கர்த்தருடைய கூடாரத்தில் தங்கத் தகுந்தவன் யார் என்று கேட்கிற பாட்டு அது. கடைசி வசனத்தில், பணத்தை வட்டிக்கு விடாதவன் என்று வருகிறது. எத்தனை தடவை ராகம் போட்டுப் பாடியிருக்கிறேன்!

ஆதிச் சபையார் அதைப் பாடினதோடு விடவில்லை. கி.பி. 325-ல் கூடிய நிசேயா சங்கம், 17-ம் விதியில் இதே சங்கீதத்தைக் காட்டி, வட்டி வாங்குகிற சபை ஊழியரைப் பதவியை விட்டு நீக்கச் சொன்னது. மாதம் நூற்றுக்கு ஒன்று வாங்கினவர்களைத்தான் அப்படிச் சொன்னது. என் வட்டியில் அது சரிபாதி. ஒன்றுக்கு ஒன்றரை வாங்குவதும் அந்த விதியில் தனியாக எழுதியிருக்கிறது. என் நோட்டைப் பார்த்தே எழுதினாற்போல இருந்தது.

மிலான் பட்டணத்து அத்தியட்சர் அம்புரோஸ், 386-ல் ராஜாவின் சேவகர்கள் ஆலயத்தைச் சூழ்ந்தபோது, உள்ளே இருந்த ஜனங்கள் சோர்ந்துபோகாதபடி சங்கீதங்களையும் கீர்த்தனைகளையும் பாட வைத்தவர். அவரேதான் தோபித்துவைப் பற்றிய நூலில் (அது நம்ம வேதாகமத்தில் இல்லை, இருக்கட்டும்) வட்டிக்காரரைக் கண்டித்தார். கடன்பட்டவன் செத்தால், பிணத்தை அடக்கம் பண்ணவிடாமல் மறித்தார்களாம். அப்படியானால் உங்கள் வீட்டுக்கே தூக்கிப் போங்கள் என்றாராம். அவர் ஜனங்களைப் பாட வைத்தார். நான் பாடுகிற வாயை அடைத்துவிட்டேனே!

மறுநாள் காலையிலே சகோதரி வீட்டுக்குப் போய், கொடுத்த மூட்டை வந்துவிட்டது, பாக்கி ஒன்றும் இல்லை என்று சொல்லி, அவர்கள் கண்முன்னே பெயரை அடித்தேன். அவர்கள் நம்பவில்லை. "அடுத்த வருசம் சேத்துக் கேப்பீங்களா ஐயா?" என்றார்கள்.

நோட்டில் இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேர் சபைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். இந்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.