அவைக்கு உரிய ஐந்து நிமிடம்

காரியாபட்டியில் இரவெல்லாம் விழித்துக் கட்டுரை தீட்டி, மதுரை ஆய்வரங்கிற்குப் பேருந்தேறும் நம் இளம் விரிவுரையாளரை எண்ணிப் பார்ப்போம். கையில் முப்பது பக்கம். கிடைப்பதோ பதினைந்து நிமிடம். நிதானமாகப் படித்தால் பக்கத்திற்கு இரண்டு நிமிடமாவது ஆகும். தலைவர் மணியடித்ததும் தாள்கள் பறக்கின்றன. வினாவுக்கென்று வைத்த நேரமும் விழுங்கப்படுகிறது. இதனை நேர நெருக்கடி என்று நாம் மன்னித்துவிடுகிறோம். ஆனால், வினாவிலிருந்து தப்புவதற்கும் இதைவிட வசதியான வழி இல்லையே!

அரங்கேற்றம் கண்ட நம் முன்னோர் நூலைப் படித்ததோடு அமையவில்லை. அவையோர் தடை எழுப்பினர். புலவர் விடை கூறினார். அதன் பின்னரே நூல் ஏற்கப்பட்டது. 1973இல் திருச்சியில் முதன்முதலாகக் கூடிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடும், 1981இல் மதுரை கண்ட ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடும் அந்த அவையின் வாரிசுகள் அல்லவா?

உமறுப் புலவரின் சீறாப்புராணம் 5027 பாடல்களைக் கொண்டது. அதனை முழுவதும் பதினைந்து நிமிடத்தில் ஆராய்வது ஆராய்ச்சியன்று, அறிவிப்பு. ஒரே படலத்தை எடுத்துப் பத்து நிமிடத்தில் முடித்தால், எஞ்சிய ஐந்து நிமிடம் கேட்போருடையது. நம்மிடம் இருக்கும் அமானிதம். பின்வரிசையில், சீறாவை மனப்பாடமாக அறிந்த பெரியவர் ஒருவர் கையை உயர்த்திக் காத்திருக்கக் கூடும்.